கம்பி தின்ற முப்பத்தாறு வோல்ட்

மருதாயி ஜீப்பை விட்டு இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது அவளுடைய மோட்டார்தான். காப்பிப் பழம் உரிக்கும் கொட்டகை வாசலில் ஒரு ஈரச் சாக்கின் மேல் கழற்றிப் போட்டிருந்தார்கள். அது நின்ற இடத்தில் இப்போது நீலப் பெயின்ட் பளபளக்க ஒரு புது மோட்டார் உட்கார்ந்திருந்தது. மருதாயிக்குச் சுருக்கென்றது. பத்து நிமிஷம் பொறுத்திருக்கக் கூடாதா? வருகிறேன் என்று போனில் சொன்னவளை வரவிட்டுக் கழற்றினால் என்ன குடி முழுகிவிடும்?

கோபம் வந்தால் கத்துகிறவர்கள் உண்டு. மருதாயிக்குக் கோபம் வந்தால் கை வேகமாகும், பேச்சு குறையும். தோளில் இருந்த பையை இறக்கிக் கிளாம்ப் மீட்டரை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

மஞ்சக்குட்டையில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறாள் அவள். எஸ்டேட் லைன் வீட்டில் பிறந்து, சேலத்துக்குப் பஸ் ஏறிப் போய் ஐடிஐ படித்து, வயர்மேன் லைசென்ஸும் வாங்கியவள். பொம்பளை கட்டின காயில் எத்தனை நாளைக்கு நிற்கும் என்று ஆரம்பத்தில் சிரித்தவர்களெல்லாம் இப்போது அவள் கடை வாசலில்தான் மோட்டாரை இறக்குகிறார்கள். மாரமங்கலம் பக்கத்தில் காப்பிப் பழம் உரிக்கும் பல்பர் எந்திரங்களுக்கு ஓடும் மோட்டார் பதினாலு. பதினாலும் அவள் கை பட்டவை. அதில் இந்த ஒன்று மட்டும் அவள் மானத்தை வாங்கிக்கொண்டிருந்தது. போன சீசனில் ஒருதடவை கருகியது. கட்டிக் கொடுத்தாள். இந்த மார்கழி பிறந்ததும் மறுபடி கருகியது. அதையும் கட்டிக் கொடுத்து எட்டு நாள்கூட ஆகவில்லை, நேற்று சாயங்காலம் மறுபடி சூடேறி நாற்றம் அடிக்கிறது என்று போன் வந்துவிட்டது. மூன்றாவது தடவை. இன்றைக்கு இந்த நீல மோட்டார் கருகாமல் ஓடிவிட்டால் மற்ற பதின்மூன்றும் அதன் பின்னாலேயே போய்விடும். அப்புறம் மருதாயி கடையில் மிக்சிதான் ரிப்பேர் பார்க்க வேண்டும்.

"வாங்க அம்மணி," என்றார் சித்தன். விவசாயிகள் குழுவின் தலைவர் அவர்தான். மலையிலேயே தலைமுறை தலைமுறையாகக் காப்பியும் மிளகும் போடுகிற குடும்பம். நல்ல மனுசன், நாலு பேருக்கு முன்னால் குரலை உயர்த்தாதவர். இன்றைக்கு அவரால் மருதாயியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "தப்பா எடுத்துக்காதீங்க. முப்பது மூட்டைப் பழம் பறிச்சாச்சு. இன்னைக்கே உரிக்கலீன்னா புளிச்சுப் போயிருமுங்க. அதான் சேலத்துல இருந்து இவரை வரச் சொன்னோம்."

இவர் என்பது ஜெயபிரகாஷ். சேலத்தில் மோட்டார் கடை வைத்திருப்பவர். சட்டைப் பையில் ரெண்டு பேனா, இடுப்பில் தோல் உறையில் மீட்டர். ஆள் மரியாதையாகத்தான் பேசினார், ஆனால் மரியாதையிலேயே ஊசி குத்தத் தெரிந்தவர்.

"உங்க வேலையைக் குறை சொல்லலீங்க மேடம். காயில் கட்டறதுங்கறது ஒரு கலை. எல்லாருக்கும் கை கூடாது, பாருங்க."

"கூடாதுதாங்க," என்றாள் மருதாயி. "கருகுன காயிலைப் பிரிச்சுப் பார்த்தீங்களா?"

"எதுக்குங்க பிரிக்கோணும்? கருகினது கருகினதுதானே."

"நான் ரெண்டு தடவையும் பிரிச்சேனுங்க. காயில் கட்டினது தப்புன்னா ஒரு இடத்துல மட்டும் கருகியிருக்கும். இது முழுசும் ஒரே மாதிரி வெந்திருக்குது. மோட்டார் பட்டினியில ஓடியிருக்குதுங்க. வோல்டேஜ் பத்தலை."

ஜெயபிரகாஷ் சிரித்தார். "அதெல்லாம் வந்ததும் பார்த்துட்டேனுங்க. இதே ஸ்டார்ட்டர்ல வெச்சு அளந்தேன். எரநூத்தி இருபத்தெட்டு. ஜம்முனு வருது."

"மோட்டார் ஓடும்போது அளந்தீங்களா, நிக்கும்போதா?"

ஜெயபிரகாஷ் இடுப்பிலிருந்த மீட்டரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "நிக்கும்போதுதான்."

"உக்கார்ந்திருக்கறவனுக்கு மூச்சு வாங்குமாங்க? மூட்டையைத் தூக்கிக்கிட்டு மேடு ஏறச் சொல்லிப் பாருங்க, அப்பத் தெரியும். உங்க மோட்டாரையே ஓட்டுங்க. பழத்தைக் கொட்டி ஓட்டுங்க. நான் ரெண்டு பக்கமும் அளந்துக்கறேன்."

உள்ளபடி சொன்னால் மருதாயிக்கு அந்த நேரத்தில் தன் மேலேயே ஒரு கோபம். ரெண்டு தடவையும் மோட்டார் ஜீப்பில் வந்தது, கட்டினாள், கடை மேஜையில் ஓட்டிப் பார்த்தாள், ஜீப்பில் அனுப்பினாள். இந்தக் கொட்டகைக்கு ஒரு நடை வந்து அளந்திருந்தால் போன வருசமே கதை முடிந்திருக்கும். வரவில்லை. சோம்பல்தான், வேறென்ன.

மின்சார மீட்டர் பெட்டி மேலே ரோட்டோரச் சுவரில் இருந்தது. அங்கிருந்து நூறு மீட்டர் தூரம், காப்பிச் செடிகளுக்கு மேலே, சில்வர் ஓக் மரத்துக்கு மரம் கட்டி ரெண்டு கம்பி இறங்கிக் கொட்டகைக்கு வருகிறது. பல்பர் ஓட்டுகிற கலாவிடம் தன்னுடைய இன்னொரு மீட்டரைக் கொடுத்து மருதாயி மேலே அனுப்பினாள். கலாவுக்கு இருபத்தெட்டு வயசு, துடியான பெண். மீட்டரின் எந்தக் குச்சியை எங்கே வைக்க வேண்டும் என்று ஒருதடவை காட்டினால் போதும்.

மோட்டார் கிளம்பியது. பழத்தைக் கொட்டினார்கள். கொஞ்ச நேரம் கிண்ணென்று ஓடிய நீல மோட்டார், பழம் உள்ளே போகப் போக முனக ஆரம்பித்தது. மருதாயி கிளாம்ப் மீட்டரின் வாயைத் திறந்து ஒரு கம்பியைக் கவ்வ வைத்தாள். பன்னிரண்டு ஆம்பியர். மோட்டார் முதுகில் இருந்த தகட்டில் ஒன்பது என்று அடித்திருந்தது. ஸ்டார்ட்டரில் குச்சிகளை வைத்தாள்.

"நூத்தி எண்பத்தாறு," என்றாள் சத்தமாக. "கலா! மேல எவ்வளவு?"

"எரநூத்தி இருபத்திரெண்டுங்க்கா!" மேலிருந்து குரல் வந்தது.

ஜெயபிரகாஷ் எட்டி மீட்டரைப் பார்த்தார். தன் இடுப்பு மீட்டரை உருவி, தானும் வைத்துப் பார்த்தார். அதுவும் நூத்தி எண்பத்தாறுதான் காட்டியது. அடுத்த நொடி மனுசன் பாய்ந்து சுவிட்சை அணைத்தார் பாருங்கள், அந்த வேகம்! புது மோட்டார் ஆச்சே. வாரன்ட்டி அட்டையின் மடிப்புக்கூட இன்னும் கலையவில்லை.

"என்னங்க அணைச்சுட்டீங்க?" என்றாள் மருதாயி. "ஓடட்டுமே. உங்க கை கூடின காயில்தானே?"

சாக்கு மூட்டைகளோடு நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சித்தனுக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கு ஒன்றும் புரியவும் இல்லை. "மேல எரநூத்தி இருபத்திரெண்டு, கீழ நூத்தி எண்பத்தாறு. நடுவுல போனது எங்கீங்க அம்மணி?"

"கம்பி தின்னுருச்சுங்ணா."

கொட்டகைக் கதவு மரக்கதவு. மருதாயி காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து அதிலேயே எழுதினாள். மேலே இருந்து கலா ஓடி வந்து தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

"எரநூத்தி இருபத்திரெண்டுல நூத்தி எண்பத்தாறு போனா முப்பத்தாறு. இந்த முப்பத்தாறு வோல்ட்டு வழியிலயே செலவாவுது. போற கரன்ட்டு பன்னிரண்டு ஆம்பியர். வோல்ட்டை ஆம்பியரால வகுத்தா அதுதான் தடை. முப்பத்தாறைப் பன்னிரண்டால வகுத்தா?"

"மூணு," என்றாள் கலா.

"மூணு ஓம். சரி, கம்பின்னு இருந்தா தடை இருக்கத்தான் செய்யும். இது நாலு ஸ்கொயர் எம்எம் தாமிரக் கம்பி. போக நூறு மீட்டர், வர நூறு மீட்டர். இருநூறு மீட்டருக்கு ஒரு ஓம் இருக்கலாம், அது நியாயம். மிச்சம் ரெண்டு ஓம் யாருது?"

ஜெயபிரகாஷ் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கணக்குத் தெரியாத ஆள் இல்லை. தெரிந்ததைப் போட்டுப் பார்க்காமல் விட்டவர், அவ்வளவுதான்.

"அந்த ரெண்டு ஓமுல பன்னிரண்டு ஆம்பியர் போனா இருபத்தினாலு வோல்ட்டு. வோல்ட்டை ஆம்பியரால பெருக்குனா வாட்டு. இருபத்தினாலு பன்னிரண்டு எரநூத்தி எண்பத்தெட்டு. இந்தத் தோட்டத்துக்குள்ள எங்கியோ ஒரு இடத்துல எரநூத்தி எண்பத்தெட்டு வாட்டு அடுப்பு எரிஞ்சுக்கிட்டு இருக்குதுங்க. சித்தண்ணா, கம்பியில எங்காச்சும் ஜாயிண்ட் இருக்குதுங்களா?"

"இல்லீங்களே," என்றார் சித்தன், யோசிக்கக்கூட இல்லாமல். "முழுச் சுருள் வாங்குனது. மூணு வருசம் முன்னால நானே நின்னு இழுத்தது. ஒட்டு, முடிச்சு எதுவுமே கிடையாது."

குழுவில் மற்ற நாலு பேரும் தலையை ஆட்டினார்கள். கலாவும் ஆட்டினாள். மருதாயி அவர்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒரு முகத்திலும் கள்ளம் இல்லை. சித்தன் பொய் சொல்கிற ஆள் கிடையாது. ஆனால் மூணு என்று கதவில் எழுதியிருக்கிறதே, அதுவும் பொய் சொல்லாது. ரெண்டில் ஒன்றைத்தான் நம்ப வேண்டுமென்றால் மருதாயி எதை நம்புவாள் என்று கேட்கவே வேண்டாம்.

"அப்ப ஒண்ணு பண்ணலாமுங்க. என் மோட்டாரை மாட்டுங்க, அது சூடானதுதான், இன்னும் கருகலை. பழத்தைக் கொட்டி ஓட்டுங்க. நான் கம்பி கூடவே நடந்து பார்க்கறேன்."

"மறுபடி கருகிருச்சுன்னா?" என்றார் ஜெயபிரகாஷ்.

"கருகினா மூணாவது தடவையும் நானே கட்டறேன். உங்க மோட்டாருக்கு ஒண்ணும் ஆகாது, பயப்படாதீங்க."

கலாவும் அவளும் சேர்ந்து கால் மணி நேரத்தில் மோட்டாரை மாற்றினார்கள். பல்பர் ஓடத் தொடங்கியதும் மருதாயி தலையை அண்ணாந்தபடி நடந்தாள். சித்தன் பின்னாலேயே வந்தார். விடிகாலையிலிருந்து மூடுபனி, நடுவில் ரெண்டு தூறல். இலையெல்லாம் சொட்டியது, மிளகுக்கொடி சொட்டியது, கம்பியிலேயே வரிசையாக நீர்த்துளி தொங்கியது. முதல் மரம், ரெண்டாவது மரம், ஒன்றுமில்லை. ஐந்தாவது மரத்துக்கும் ஆறாவது மரத்துக்கும் நடுவில் ஒரு வண்டிப்பாதை குறுக்கே போனது. பாதைக்கு இந்தப் பக்கம் கம்பிக்கு ஒன்றாக ரெண்டு மஞ்சள் துணி சுற்றியிருந்தது, அந்தப் பக்கமும் ரெண்டு. காலையில் ஜீப்பில் வரும்போதே பார்த்தாள். கோயில் நோம்பிக்குக் கட்டின தோரணத்து மிச்சம் என்று நினைத்தாள்.

இப்போது நின்று பார்த்தாள். சுற்றிலும் உலகமே நனைந்திருக்க, அந்த நாலு துணியும் காய்ந்திருந்தன. ஒன்றிலிருந்து மெல்லிசாக ஆவி போனது.

"சித்தண்ணா, இது என்னதுங்க?"

"அதுங்களா? அது அம்மனுக்கு வழி விடறதுங்க."

"வழின்னா?"

சித்தன் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் பதில் சொன்னார். வைகாசியில் மாரியம்மன் சப்பரம் இந்தப் பாதையில்தான் வரும். சாமி தலைக்கு மேலே எதுவும் குறுக்கே போகக் கூடாது. அதனால் சப்பரம் வரும் முன்னே மெயினை அணைத்துவிட்டுப் பாதைக்கு மேலே இருக்கிற கம்பித் துண்டை ரெண்டு பக்கமும் எடுத்துவிடுவார்கள். சாமி போனதும் திரும்ப வைத்து முறுக்குவார்கள். அதைச் செய்கிறவர் சித்தன். மூன்று நாள் விரதம். விரதத்தில் இரும்பு தொடக் கூடாது, அதனால் கட்டிங் பிளேயர் கிடையாது, வெறும் விரலால் முறுக்குவது. சாமி காரியத்துக்கு டேப் ஒட்டுவார்களா? மஞ்சள் துணியைத்தான் காப்பாகச் சுற்றுவார்கள். மூன்று வருசமாக நடக்கிறது.

மருதாயி தலையில் கை வைத்துக்கொண்டாள். இவ்வளவையும் செய்துவிட்டுத்தான் ஒட்டு இல்லை என்று இந்த மனுசன் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னார். அவர் மனசில் இது ஒட்டே இல்லை. இது வழிபாடு. ஊரில் அத்தனை பேர் மனசிலும் அப்படித்தான்.

"அதைப் பிரிக்கோணுமுங்ணா."

"ஆகாதுங்க." முதல் தடவையாகச் சித்தனின் குரல் உயர்ந்தது. "காப்புக் கட்டினது. வைகாசி வரைக்கும் யாரும் கை வைக்கக் கூடாது. உங்க மோட்டார் கருகுனதுக்கு அம்மன் மேல பழி போடுவீங்களா அம்மணி?"

சத்தம் கேட்டுப் பறிப்புக்குப் போன பெண்கள் கூடையோடு பாதையில் கூடிவிட்டார்கள். மருதாயிக்கு உள்ளுக்குள் பதறியது. ஆனால் அந்தப் பதற்றம் இப்போது மோட்டாருக்காக இல்லை. அந்தப் பெண்கள் நிற்கிற இடத்தைப் பார்த்து.

"எல்லாரும் கம்பிக்கு அடியில நிக்காதீங்க, தள்ளி நில்லுங்க! சித்தண்ணா, நான் அம்மனைச் சொல்லலீங்க. முறுக்குன விரலைச் சொல்றேன். அந்த வரப்பு மேல ஏறி நில்லுங்க. தொடாதீங்க, துணிக்கு ஒரு முழம் கீழ உள்ளங்கையைக் காட்டுங்க. நான் கதவுல எழுதுனது நிசமா பொய்யான்னு உங்க கையே சொல்லட்டும்."

சித்தன் வீம்பாகத்தான் ஏறினார். கையை நீட்டினார். சட்டென்று இழுத்துக்கொண்டார். மறுபடி நீட்டி, கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். அடுப்பு முன்னால் குளிர் காய்கிற மாதிரி இருந்திருக்கும். நாலு சால்டரிங் அயர்னைத் தோட்டத்து நடுவில் தொங்கவிட்டால் எப்படியோ அப்படி.

இறங்கி வந்தபோது அவர் முகத்தில் ஈயாடவில்லை. "மெயினை அணைக்கச் சொல்லுங்க," என்றார்.

கலா ஓடிப்போய் அணைத்து, ஃபியூஸையும் பிடுங்கிக் கையில் எடுத்து வந்தாள். மருதாயி டெஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டு நகர்ந்தாள். பிரிக்க வேண்டியவர் அவர்தான் என்று அவளுக்குத் தெரியும். சித்தன் கிழக்கே பார்த்துக் கும்பிட்டார். "விரதமில்லாம தொடறேன் ஆத்தா, பொறுத்துக்கோ," என்று சொல்லித் துணியைப் பிரித்தார். உள்பக்கம் துணி கரியாகப் பொடிந்து உதிர்ந்தது. கம்பி பச்சையும் கறுப்புமாகப் பூத்துப்போயிருந்தது. ஏழு இழையில் மூன்றுதான் ஒன்றையொன்று பிடித்திருந்தது. அடுத்த முடிச்சு அவர் விரல் பட்டதும் கையோடு வந்துவிட்டது. அந்த முனை தொங்கி, பாதையில் போகிற ஆளின் தலை உயரத்தில் ஆடியது.

சித்தன் அதையே பார்த்தார். அப்புறம் கூடையோடு நின்ற பெண்களைப் பார்த்தார். அதில் அவர் மகளும் நின்றாள். காலை ஆறு மணியிலிருந்து நனைந்த தலையோடு இந்த வழியாகத்தானே இவர்கள் போய்வருகிறார்கள். மனுசன் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மருதாயி அவரைச் சமாதானம் பண்ணவில்லை. அதற்கு நேரமும் இல்லை, பழம் காத்திருந்தது. கெட்டுப்போன முனைகளை நறுக்கிச் சுரண்டிப் பளிச்சென்று ஆக்கினாள். முனைக்கு முனை வளையம் அழுத்தி, மூடி போட்ட நாலு பெட்டிகளுக்குள் போல்ட் போட்டு இறுக்கினாள்.

"இனிமே வைகாசிக்கு இந்த நாலு போல்ட்டைக் கழட்டுனா போதுமுங்ணா, வழி விட்டுரலாம். பித்தளை போல்ட்டு. இரும்பு இல்லை."

சித்தன் நிமிர்ந்தார்.

"ஆனா மொதல்ல தளர்த்தவும் திரும்ப இறுக்கவும் என்னைக் கூப்பிடுங்க. விரலால இறுக்கறது பத்தாது. எனக்கு விரதமில்லை, நான் ஸ்பேனர் தொடுவேன்."

கொட்டகைக்குத் திரும்பினார்கள். கலா மேலே போய் ஃபியூஸைப் போட்டு, மீட்டர் குச்சிகளை அங்கே ஒருத்தியிடம் கொடுத்துவிட்டு வந்தாள். கலா சுவிட்சில் கை வைத்தபோது சித்தன் நிறுத்தச் சொன்னார்.

"ஒரு நிமிசம். அதுக்கு முன்னால நான் ஒண்ணு சொல்லிடறேன்."

"ஓட்டிப் பார்த்துட்டுப் பேசலாமுங்ணா," என்றாள் மருதாயி.

"ஓடாட்டியும் சொல்லத்தான் போறேன்." அவர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். முப்பது நாற்பது பேர் இருக்கும். ஜெயபிரகாஷ் தன் நீல மோட்டாரை அட்டைப் பெட்டிக்குள் இறக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றார். "எல்லாரும் கேட்டுக்குங்க. ஒரு வருசமா இந்தப் பக்கத்துல எவன் கேட்டாலும், மருதாயி கட்டுன காயில் நிக்காதுன்னு சொன்னவன் நான். வாழவந்தி ஊரு வரைக்கும் சொன்னேன். ரெண்டு தடவையும் மோட்டார் அவங்க கையில கருகலை. என் கையில கருகுச்சு. நம்ம பிள்ளைங்க கருகாம இருந்தது ஆத்தா புண்ணியம், அடுத்தபடியா இவங்க புண்ணியம். யாரு கேட்டாலும் இனிமே இதைச் சொல்லுங்க."

கலா சுவிட்சைப் போட்டாள். பழத்தைக் கொட்டினார்கள். பல்பர் முனகவில்லை, தடதடவென்று ஒரே சீராக ஓடியது. தோல் ஒரு பக்கமும் கொட்டை ஒரு பக்கமுமாக வழிந்து விழுந்தது. எரநூத்தி இருபத்தினாலு என்று மேலே மீட்டர் பெட்டியிலிருந்து குரல் வந்தது. மருதாயி குச்சிகளை ஸ்டார்ட்டரில் வைத்துக்கொண்டு நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள்.

"எவ்வளவுங்க்கா காட்டுது?"

மருதாயி மீட்டரை முகத்துக்கு நெருக்கிப் பிடித்தாள். காலையிலிருந்து ஒரு எண்கூடத் தடுமாறாமல் படித்தவளுக்கு இப்போது மீட்டரில் எண் தெரியவில்லை. கண் நிறைந்து எல்லாம் கலங்கித் தெரிந்தது. ஒரு வருசமாக வைத்திருந்த அழுகை, அது நேரம் காலம் பார்க்குமா?

கலா எட்டிப் பார்த்தாள். "எரநூத்திப் பதினஞ்சுங்க்கா! ஆம்பியர் ஒன்பது!"

"அப்ப ஒன்பது வோல்ட்டுதான் போவுது," என்றாள் மருதாயி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே. "ஒன்பதை ஒன்பதால வகுத்தா ஒண்ணு. அது கம்பியோட பங்கு, எடுத்துக்கட்டும்."